தம்பியின் மாத்திரைகள்

நான் திருடியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். திருடிய பொருள் நான்கு மாத்திரைகள். பறிகொடுத்தவன் என் தம்பி. அப்போது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு.

பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு சிற்றூரில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா தேங்காய் லோடு லாரி ஓட்டினார். வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். எனக்கு ஏழு வயது முடிவதற்குள் அவர் இளைத்துக் கறுத்துக் கட்டிலோடு கிடந்து, ஒரு மார்கழிக் காலையில் இறந்துபோனார். மஞ்சள் காமாலை என்றார்கள். எங்கள் முகத்துக்கு நேரே மஞ்சள் காமாலை என்றும், நாங்கள் நகர்ந்த பிறகு வேறொரு பெயரும் சொன்னார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். இழவு வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா நார் மில்லுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். மாலையில் வரும்போது தலைமுடி, புருவம், சேலை மடிப்பு எல்லாவற்றிலும் தேங்காய் நார்த் தூசி ஒட்டியிருக்கும். தம்பி எப்போதும் சீக்காளிதான். சளி நின்றால் வயிற்றுப்போக்கு, அது நின்றால் காதில் சீழ். ஆறு வயதில் நான்கு வயதுப் பிள்ளை போல இருந்தான். அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தாள். கடைசியில் பொள்ளாச்சி டாக்டர் ஒருவர் இருவரையும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த அன்று அம்மா சோறாக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பற்றவைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்துக் கடையில் பன் வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் மாத்திரைகள் வந்தன. காலை எட்டு மணி, இரவு எட்டு மணி. அதற்காகவே அம்மா ஒரு சிவப்பு அலாரம் கடிகாரம் வாங்கினாள். அது அடித்ததும் தம்பியை எதிரில் உட்கார வைப்பாள். அவனுடைய மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் போட்டுக் கரைப்பாள். தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள். "எங்க, ஆரு மொதல்ல முழுங்கறதுன்னு பாப்பமா" என்பாள். இருவரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொள்வார்கள். தம்பி முகத்தைச் சுளித்து நாக்கை நீட்டிக் காட்டுவான். அம்மாவும் நாக்கை நீட்டுவாள். ஒரு வெல்லத் துண்டை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி தின்பார்கள். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த எட்டு மணிகளில் மட்டும்தான்.

நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அது என்ன மாத்திரை என்று கேட்டேன்.

"சத்து மாத்திர கண்ணு. தம்பி ஒடம்பு தேறோணுமில்ல."

"நீங்க எதுக்குத் திங்கறீங்க?"

"அவனுக்குத் தொணைக்கு."

"நானும் தொணைக்குத் திங்கட்டுமா?"

அம்மா கரண்டியைக் கழுவ எழுந்து போனாள்.

மாத்திரையோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மாதம் ஒருமுறை அம்மா மில்லுக்கு லீவு போட்டுவிட்டுத் தம்பியை மட்டும் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போவாள். எனக்குப் பள்ளிக்கூடம். திரும்பி வந்து அவன் சொல்லும் கதைகளைக் கேட்டால் வயிறு எரியும். உக்கடத்தில் இறங்கும்போது குளம் தெரிந்ததாம். ஆஸ்பத்திரியில் ஓர் அக்கா அவனை மேசைமேல் உட்கார வைத்துப் பேசினாராம், பலூன் கொடுத்தாராம். அம்மா தேங்காய் பன் வாங்கித் தந்தாளாம். மூன்றே மாதத்தில் அவன் கன்னம் உப்பியது. காதுச் சீழ் நின்றது. தெருவில் ஓட ஆரம்பித்தான். சத்து மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நானோ குச்சி மாதிரி இருந்தேன். அம்மாவுக்கு மகன்தான் உசத்தி, பெண் எப்படிப் போனால் என்ன என்று நினைக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒரு சனிக்கிழமை, அம்மா மில்லில் இருந்தபோது, அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த டப்பாவைத் திறந்து தம்பியின் மாத்திரை ஒன்றை எடுத்தேன். அம்மா செய்வது போலவே கரண்டியில் கரைத்துக் குடித்தேன். கசந்தது. கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்துக்கொண்டேன். அடுத்த வாரம் இன்னொன்று. மொத்தம் நான்கு. கன்னத்தில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் நானும் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாதமும் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒருவேளைகூடத் தவறக் கூடாத மருந்து அது. மாத்திரை மிஞ்சினால் பிள்ளைக்குக் கொடுக்க மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் டப்பாவில் நான்கு குறைந்தது. அங்கே நடந்ததை எனக்குப் பல வருடம் கழித்துச் சொன்னவர், தம்பிக்குப் பலூன் கொடுத்த அந்த ஆலோசகர் அக்காதான். குறைந்திருந்ததைப் பார்த்ததும் அவர் அம்மாவிடம் வீட்டில் வேறு பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மூத்தவளையும் ஒருமுறை கூட்டி வாருங்கள், சோதனை செய்துவிடலாம் என்று அவர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொரு மாதமும் ஒரு சாக்குச் சொன்னாள். பரீட்சை, காய்ச்சல், ஊரில் நோம்பி. தெரியாமல் இருக்கும்வரை நான் அவளுக்கு நல்லபடியாக இருந்தேன்.

அன்று மாலை அம்மா வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"தம்பி மாத்திரய எடுத்தியா கண்ணு?"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் சாமி எடுத்தே?"

"தொணைக்கு" என்றேன்.

மறுநாள் என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டோம். நோம்பிக்கு எடுத்த பாவாடையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தேன். திருடினதற்குத் தண்டனையாக ஊர் சுற்றிக் காட்டுகிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. உக்கடத்தில் குளம் தெரிந்தது. தம்பி சொன்னது பொய்யில்லை. அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் காதில் விழவில்லை. கிணத்துக்கடவிலிருந்தே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியில் என் விரல்கள் வெளுத்திருந்தன.

ஆலோசகர் அக்காவின் அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, பச்சைத் திரை. அவர் முதலில் அம்மாவிடம் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கப் போகிறோம், எறும்பு கடித்த மாதிரி இருக்கும், சரியா என்று என்னிடமே சம்மதம் கேட்டார். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் மாத்திரை தருவார்கள் என்று நினைத்து ஊசி குத்தியபோது முனகக்கூட இல்லை. "தங்கமான புள்ள" என்றார் ரத்தம் எடுத்தவர். பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அந்த பெஞ்சில் என் வயதுப் பெண் ஒருத்தி அவள் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா தேங்காய் பன் வாங்கித் தந்தாள். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா காகிதத்தை மேசையில் வைத்தார்.

"குழந்தைக்கு இல்லீங்க்கா. நெகட்டிவ்னு வந்திருக்குதுங்க."

"இல்லீன்னுதானுங்களே சொல்றீங்க?"

"இல்லீன்னுதானுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கொ. ஒரே வட்டல்ல சோறு தின்னிருக்கறமுங்க. எம்பக்கத்துலதானுங்க படுத்துக்குவா."

"அதுலயெல்லாம் வராதுங்க்கா. ஒண்ணாச் சாப்புடலாம், ஒண்ணாப் படுக்கலாம், கட்டிப் புடிச்சுக்கலாம். முன்னயே சொன்னனில்லீங்க. அவ தின்ன நாலு மாத்திரையும் ஒண்ணும் பண்ணாது. பயப்படாதீங்கொ."

அம்மா மேசைமேல் கவிழ்ந்துகொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை. எனக்குக் கவலையெல்லாம் வேறாக இருந்தது. நான் அக்காவைக் கேட்டேன்.

"அப்ப எனக்கு மாத்திரை இல்லீங்களா?"

"உனக்கு வேண்டியதில்ல கண்ணு. உனக்கு ஒண்ணுமில்ல."

"தம்பிக்கு மட்டுமா?"

"தம்பிக்கும் அம்மாவுக்கும்."

நான் ஊசிக்கு அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அங்கே அழுதேன். வீட்டில் மூன்று பேர். இரண்டு பேருக்கு மாத்திரை கிடைத்தது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஆலோசகர் அக்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, திரைக்குப் பின்னால் போய்விட்டார். அம்மா நிமிர்ந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் அழுவதற்குச் சமாதானம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்க அழுதேன். திரும்பிவரும்போது எனக்கு ஒரு பலூன் கிடைத்தது. அது எனக்குப் போதவில்லை.

அதற்குப் பிறகு அம்மா மாறிப்போனாள். கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் என் பாயை அடுத்த சுவரோரம் போட்டாள். எனக்கென்று புது வட்டல், புது டம்ளர் வாங்கி வந்தாள். இரவல் வாங்கிய பாத்திரத்தைப் பார்ப்பது போல, எங்கே கீறல் விழுந்துவிடுமோ என்று என்னைப் பார்த்தாள். சோறு வடிக்கவும், நானே ஜடை பின்னிக்கொள்ளவும், துணிக்குப் பொத்தான் தைக்கவும் கற்றுக் கொடுத்தாள். அவசரம் அவசரமாகக் கற்றுக் கொடுத்தாள். கஞ்சி வடிக்கும்போது என் கை சுட்டுக்கொண்டது, அப்போதுகூட அவள் அந்த வேலையை வாங்கிச் செய்யவில்லை. திருடியதற்கான தண்டனை இப்படித் தவணை தவணையாக வருகிறது என்று நான் பொறுத்துக்கொண்டேன். அவள் இருமிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மாத்திரை தொடங்கியபோதே காலம் கடந்திருந்தது என்பதும், நுரையீரலில் காசம் இறங்கியிருந்தது என்பதும் பின்னால் தெரிந்தவை.

பள்ளிக்கூடத்திலும் ஏதோ நடந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த தம்பியை முதல் நாளே தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை அவள் அம்மா வந்து இடம் மாற்றிவிட்டுப் போனாள். நான் திருடிய செய்தி பள்ளிக்கூடம்வரை வந்துவிட்டது என்று வெட்கத்தில் செத்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அம்மா என் துணிகளை எல்லாம் ஒரு கட்டைப்பையில் அடுக்கினாள். அந்தியூரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறோம் என்றாள். அவர் அம்மாவின் அண்ணன். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. தம்பிக்கு அவள் சொன்னது வேறு. அந்தியூரில் குதிரைச் சந்தை நடக்கிறது, வெள்ளைக் குதிரை காட்டுகிறேன் என்றாள். மூன்று பஸ் மாறினோம். வழியெல்லாம் அவன் குதிரை எத்தனை கால் பாய்ச்சலில் ஓடும் என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

மாமா வீட்டுக் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஒரு கல் கிடந்தது. அம்மா தம்பியை அதில் உட்கார வைத்து, கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, "எந்திரிக்காத சாமி, வந்தர்றேன்" என்றாள். என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். மாமா வெளியே வந்தார். அத்தை அவருக்குப் பின்னால் நின்றார். யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. அம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்து, அதிலிருந்த காகிதத்தைப் பிரித்து மாமாவிடம் நீட்டினாள்.

நான் திருடியதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி முத்திரையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். மாமா அதை ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார். அத்தையிடம் கொடுத்தார். அத்தை காகிதத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு படித்தார். என் காதெல்லாம் சுட்டது.

"நெசந்தானே?" என்று மாமா கேட்டார்.

"என்ற புள்ள மேல சத்தியமுங்ண்ணா. நீங்க வேணும்னா இங்கயும் ஒருக்காப் பாத்துக்கலாமுங்."

"செரி. பொண்ணு இருக்கட்டும்." அவர் கேட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். "அவனை வெச்சுக்க என்னால ஆகாதும்மா. ஊட்டுல சின்னக் கொழந்தைக இருக்குதுக."

"அவனைக் கேக்கலீங்ண்ணா" என்றாள் அம்மா.

அத்தை என் தோளைத் தொட்டு, "உள்ள வா அம்மணி" என்றார். என்னை மன்னித்துவிட்டார்கள் என்று புரிந்தது. கூடத்தில் உட்கார வைத்து முறுக்கும் காப்பியும் கொடுத்தார். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய்ப் படிமேல் வைத்துவிட்டு, "கையோட எடுத்துக்கங்க" என்றார். அம்மா அதைத் தொடவில்லை.

ஜன்னல் வழியாகத் தம்பி தெரிந்தான். பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தான். ஜன்னலில் என் முகத்தைக் கண்டதும், "அக்கா, குதிரை பாக்கப் போலாம் வா" என்று கூப்பிட்டான்.

இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு எழுவதில்லை. நான் முறுக்கைத் தூக்கிக் காட்டி, மெதுவாகக் கடித்தேன். முதன்முறையாக நான் உள்ளே இருந்தேன், அவன் வெளியே இருந்தான். இத்தனை நாள் கழித்து ஒரு நியாயம் கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்த பங்குனியில் அம்மா இறந்துபோனாள். அடக்கத்துக்கு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு சொன்னார். ஆலோசகர் அக்கா அலைந்து திரிந்து தம்பியைக் கோயமுத்தூரில் பிள்ளைகளுக்கான ஒரு விடுதியில் சேர்த்தார். அவன் அங்கேயே வளர்ந்து, ஐ.டி.ஐ. படித்து, இப்போது ஒரு பம்பு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். தினமும் ஒரே ஒரு மாத்திரை. ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். நான்கு மாத்திரைகளைப் பற்றி அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றார். நம்புகிறேன். என் கல்யாணப் பந்தியில் அத்தை தம்பிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

அந்தியூர் போன நாளைப் பற்றித் தம்பியிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அன்று சாயங்காலம் அம்மா அவனைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் தூக்கி வைத்து வெள்ளைக் குதிரை காட்டினாளாம். அம்மா முழுக்க முழுக்க அவனுக்கே கிடைத்த நாள் அது என்றான். ஜன்னலும் முறுக்கும் அவனுக்கு நினைவில் இல்லை.

எனக்கு இருக்கிறது. அம்மா கிளம்பும்போது வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டாள். போனேன். இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டாள். நான் கிட்டே போனதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த சொல்றதக் கேட்டு நடந்துக்கோணும், என்ன?"

தலையை ஆட்டினேன்.

"எதையும் கேக்காம எடுக்கக் கூடாது."

அதற்கும் ஆட்டினேன். தொடாமலே திரும்பிப் போனாள். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். கோபம் தீர்ந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவாள். அதனால் அந்த வீட்டில் நான் எதையும் எடுக்கவில்லை. சர்க்கரை டப்பா திறந்து கிடந்தால்கூட மூடி வைத்தேன். கீழே கிடந்த மாமாவின் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். நான் திருந்திவிட்டேன் என்று யாராவது அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆடியிலிருந்து பங்குனிவரை தவறாமல் நல்ல பிள்ளையாக இருந்தேன்.